எபிசோட் 38: லிபோசக்‌ஷன் – எந்தக் கொழுப்பு போகும், எந்தக் கொழுப்பு போகாது?

இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் நோட். அனுப்பினவருக்கு 27 வயசு, ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை, தை மாசம் கல்யாணம். அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்றேன்: "ப்ரோ, கை கால் எல்லாம் ஒல்லிதான். வயிறு மட்டும்தான் பிரச்சனை. ஜிம்முக்கு ஆறு மாசத்துக்குப் பணம் கட்டி ரெண்டு மாசம் போனேன். இப்போ லிபோ பண்ணிக்கலாம்னு இருக்கேன். ஒரு கிளினிக்ல இ.எம்.ஐ. தர்றாங்க, காலையில போனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாமாம். வீட்ல இன்னும் சொல்லல. பண்ணலாமா?"

பண்ணுங்க, பண்ணாதீங்கன்னு நான் சொல்லப் போறதில்லை. நான் டாக்டர் இல்லை, கோடு எழுதுறவன். ஆனால் இந்த ஆபரேஷன் பற்றி ரெண்டு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க, நண்பர் கேட்டதுக்கு முன்னாடி இன்னொரு கேள்வி இருக்குன்னு புரிஞ்சுது. "வயிறு"ன்னு சொல்றீங்களே, அது எந்த வயிறு?

எந்த வயிறு?

வயிற்றில் கொழுப்பு ரெண்டு இடத்தில் சேரும். முதலாவது தோலுக்கு நேர் கீழே, தசைக்கு மேலே. இதைத் தோலடிக் கொழுப்பு என்கிறோம். இரண்டாவது வயிற்றுத் தசைச் சுவருக்குப் பின்னால், குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேருவது. இது உள்ளுறுப்புக் கொழுப்பு, டாக்டர்கள் விசெரல் ஃபேட் என்பார்கள். சர்க்கரை நோய், இதய நோய், கொழுப்பேறிய கல்லீரல் இதெல்லாம் வரும்போது டாக்டர்கள் முதலில் சந்தேகப்படுவது இந்த இரண்டாவது ஆளைத்தான்.

வீட்டிலேயே தோராயமாகப் பார்க்க ஒரு வழி இருக்கு. நேராக நின்று, வயிற்றை நல்லா இறுக்கிக்கொண்டு, தொப்புள் பக்கத்தில் விரலால் பிடிச்சுப் பாருங்க. கையில் மொத்தையாக வருவது தோலடிக் கொழுப்பு. தொப்பை பானை மாதிரி முன்னால நிக்குது, ஆனா பிடிச்சா மெல்லிசாத் தோல் மட்டும்தான் வருதுன்னா, உங்கள் கொழுப்பில் பெரும்பகுதி தசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கு. துல்லியமாகச் சொல்ல ஸ்கேன் வேண்டும். ஆனால் அனுபவமுள்ள டாக்டர் ஒருவர் கையால் பார்த்தே பெருமளவு சொல்லிவிடுவார்.

லிபோசக்‌ஷனால் எடுக்க முடிவது முதல் வகையை மட்டும்தான். குழாய் போகும் இடம் தோலுக்கும் தசைக்கும் நடுவில் உள்ள அடுக்கு. அதைத் தாண்டினால் குடல். குழாய் வயிற்றுச் சுவரைத் துளைத்துக் குடலில் ஓட்டை விழுவது இந்த ஆபரேஷனில் பயப்பட வேண்டிய விபத்துகளில் ஒன்று. ஆக, உள்ளுறுப்புக் கொழுப்பை ஏன் எடுக்கறதில்லைன்னு கேட்டால், அது அந்த ஆபரேஷனின் எல்லைக்கு வெளியே இருக்குங்கறதுதான் பதில். அதிகப் பணம் கொடுத்தாலும், புது மெஷின் வாங்கினாலும் அந்த எல்லை நகராது.

"கை கால் ஒல்லி, வயிறு மட்டும்"னு நண்பர் சொன்னார் இல்லையா? நம்ம ஊர் உடம்பு வாகில் இது ரொம்பச் சகஜம். புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் 2004-ல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே போட்டு ஒரு குட்டிக் கட்டுரை எழுதினார்கள். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. ஒண்ணுதான், 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். எடை மெஷின் ரெண்டு பேருக்கும் ஒரே சர்ட்டிஃபிகேட் கொடுக்குது, உள்ளே நிலைமை வேற. பார்க்க ஒல்லியாக இருந்தும் இடுப்புச் சுற்றளவு ஏறிக்கொண்டே போகிற நம்மில் பலருக்கு இதுதான் கதை.

அதனால் நண்பருக்கு என் முதல் பதில்: பிடித்துப் பார்த்தால் மெல்லிசாத் தோல்தான் வருதுன்னா, இந்த ஆபரேஷன் உங்களுக்குப் பெரிசா எதுவும் செய்யப் போறதில்லை. நேர்மையான சர்ஜன் முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்.

உள்ளே என்னதான் பண்றாங்க?

தோலில் சில மில்லிமீட்டர் அளவுக்குச் சின்னத் துளைகள் போடுவார்கள். முதலில் அது வழியாக ஒரு திரவத்தை உள்ளே நிரப்புவார்கள். அதில் சலைன், மரத்துப்போக வைக்கிற லிடோகைன், ரத்தக்குழாய்களைச் சுருங்க வைக்கிற அட்ரினலின், கொஞ்சம் பைகார்பனேட் இருக்கும். அந்தப் பகுதி முழுக்க விம்மி, தர்பூசணி மாதிரி இறுகிவிடும். இந்த முறைக்கு ட்யூமசென்ட் என்று பெயர்; விம்மிப்போனது என்றுதான் அர்த்தம். அப்புறம் முனை மழுங்கிய, உள்ளே வெற்றான ஒரு குழாயை நுழைத்து, முன்னும் பின்னும் ஓட்டி, கொழுப்பைத் தளர்த்தி உறிஞ்சி எடுப்பார்கள். அந்தக் குழாய்க்கு கேனுலா என்று பெயர்.

ரீல்ஸில் இதை ஏதோ ஃபேஷியல் மாதிரி காட்டுவாங்க. முழு ஆபரேஷன் வீடியோவைப் பாருங்க. பழைய மெத்தையைப் பிரிச்சுப் பஞ்சடிக்கிறவர் வேகத்தில் சர்ஜனின் கை போய் வருது. மெல்லிய மனசுக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுப் பார்க்க வேண்டாம்.

வேசர், பவர் அசிஸ்டெட், லேசர் லிபோ என்று விளம்பரங்களில் வரும் பெயர்கள் எல்லாம் இதே வேலையின் வெவ்வேறு வடிவங்கள். வேசரில் அல்ட்ராசவுண்ட் அதிர்வால் கொழுப்பை முதலில் குழைக்கிறார்கள். பவர் அசிஸ்டெடில் குழாயே அதிர்கிறது, சர்ஜனின் கைக்குக் கொஞ்சம் ஓய்வு. லேசரில் வெப்பம். கருவியின் பெயரை விட அதைப் பிடித்திருக்கும் கைக்குத்தான் மதிப்பு அதிகம் என்பது என் கருத்து. நல்ல லேப்டாப் வாங்கினதால் யாரும் நல்ல புரோகிராமர் ஆனதில்லை.

இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த கதையும் முக்கியம். 1920-களில் பிரான்சில் டுஜாரியே என்ற சர்ஜன் ஒரு நடனக் கலைஞரின் கால் கொழுப்பைக் குறைக்க முயன்றார். கையில் இருந்தது கருப்பையைச் சுரண்டப் பயன்படும் கூரான கருவி. ரத்தக்குழாய் அறுபட்டு, கால் அழுகி, கடைசியில் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு யாரும் இந்தப் பக்கம் தீவிரமாகத் திரும்பவில்லை. 1970-களின் நடுவில் இத்தாலியில் ஃபிஷர் என்ற தந்தையும் மகனும் வெற்றுக் குழாயை வைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டு வந்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பாரிஸில் இவ்-ஜெரார் இல்லூஸ் முனை மழுங்கிய குழாயையும், முதலில் திரவம் செலுத்தும் வழக்கத்தையும் பரப்பினார். அவர் இதற்குள் வந்ததே முதுகில் இருந்த ஒரு கொழுப்புக் கட்டியைப் பெரிய தழும்பு இல்லாமல் எடுக்கப் போய்த்தான் என்று சொல்வார்கள்.

அப்புறமும் ஒரு தலைவலி பாக்கி இருந்தது: ரத்தம். திரவம் செலுத்தாமல் உறிஞ்சிய காலத்தில், வெளியே வந்ததில் 20 முதல் 45 சதவீதம் வரை ரத்தமாகவே இருந்தது. கலிஃபோர்னியாவின் தோல் மருத்துவர் ஜெஃப்ரி க்ளைன் 1987-ல் வெளியிட்ட ட்யூமசென்ட் முறைதான் இதைக் கிட்டத்தட்ட 1 சதவீதத்துக்குக் கொண்டு வந்தது. இன்றைக்கு உலகத்தில் அதிகம் செய்யப்படும் அழகியல் ஆபரேஷன்களில் ஒன்றாக இது ஆனதற்கு அந்த ஒரு மாற்றம் பெரிய காரணம். சர்வதேச அழகியல் பிளாஸ்டிக் சர்ஜரி சங்கத்தின் கணக்கில் 2023-ல் மட்டும் 22 லட்சத்துக்கும் மேல்.

அந்த ராத்திரி

இங்கே ஒரு கணக்கு இருக்கு, கவனமாகக் கேளுங்க. லிடோகைனை அட்ரினலினோடு சேர்த்துச் சாதாரணமாக ஊசி போடும்போது உச்ச வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம். 70 கிலோ ஆளுக்கு 490 மில்லிகிராம். க்ளைன் முறையில், நீர்த்துப்போன கரைசலாக, கொழுப்புக்குள் கொடுக்கும்போது கிலோவுக்கு 35 மில்லிகிராம் வரை பாதுகாப்பு என்று 1990-ல் அவர் காட்டினார். அதே ஆளுக்கு 2,450 மில்லிகிராம், அதாவது ஐந்து மடங்கு. தோல் மருத்துவர்களின் வழிகாட்டுதல்கள் பின்னர் 55 வரை போயின.

எப்படித் தாங்குது? கொழுப்பில் ரத்த ஓட்டம் குறைவு, அட்ரினலின் அதை இன்னும் குறைக்கிறது, அதனால் மருந்து ரத்தத்தில் மெதுவாகக் கசிகிறது. மெதுவாகக் கசிவதால்தான் பாதுகாப்பு. ஆனால் அதே காரணத்தால், ரத்தத்தில் மருந்தின் அளவு உச்சத்துக்குப் போவது ஆபரேஷன் மேஜையில் நடப்பதில்லை. பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் 12 மணி நேரத்தை ஒட்டித்தான் நடக்கிறது. காலை 10 மணிக்கு ஆபரேஷன்னா, ராத்திரி 10 மணி. அப்போ நீங்க கிளினிக்ல இல்லை. ஓலா பிடிச்சு ரூமுக்கு வந்து படுத்துட்டீங்க.

நண்பர் சொன்ன "காலையில போய் சாயங்காலம் வந்துடலாம்", "வீட்ல சொல்லல" ரெண்டையும் இதோடு சேர்த்துப் பாருங்க. குறைந்த அளவில் எடுத்தால் அன்றே வீட்டுக்கு அனுப்புவது உலகம் முழுக்க வழக்கம்தான், தப்பில்லை. ஆனால் அந்த ராத்திரி பக்கத்தில் ஒருத்தர் இருக்கணும். என்ன ஆபரேஷன் நடந்தது, எந்த நம்பருக்குக் கூப்பிடணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கணும்.

2022 மே மாதம் பெங்களூரில் கன்னட சின்னத்திரை நடிகை சேத்தனா ராஜ் கொழுப்பு நீக்க ஆபரேஷனுக்குப் பிறகு இறந்தார். வயசு 21. பெற்றோருக்குச் சொல்லாமல் நண்பர்களோடு போயிருந்தார் என்று அப்போது செய்திகளில் வந்தது. வீட்டில் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் "அழகுக்காகப் பண்றோம், திட்டுவாங்க" என்ற கூச்சத்தில் ஆபரேஷனையே ரகசியமாக வைப்பது நம்ம ஊரில் எவ்வளவு சாதாரணம் என்று அந்தச் செய்தி நினைவுபடுத்தியது.

ஆபத்து எவ்வளவு? அமெரிக்காவில் 1990-களின் பிற்பகுதியில் பிளாஸ்டிக் சர்ஜன்களிடம் எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், ஏறக்குறைய 4,96,000 ஆபரேஷன்களில் 95 மரணங்கள். தோராயமாக 5,000-க்கு ஒன்று. அதில் முதல் காரணம், காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலில் போய் அடைப்பது. கால்வாசிக்குச் சற்றுக் குறைவான மரணங்கள் அதனால்தான். இதற்குப் பிறகு வந்த சில கணக்குகள் இதைவிட நல்ல நிலையைக் காட்டுகின்றன. லிபோ மட்டும் தனியாக, அளவோடு செய்தால் ஆபத்து குறைகிறது. வயிற்றுத் தோலை வெட்டி இறுக்கும் ஆபரேஷனையும் அதே நாளில் சேர்த்துச் செய்தால் ஏறுகிறது. "ஒரே மயக்கத்துல ரெண்டையும் முடிச்சிடலாம், செலவு மிச்சம்"னு யாராவது சொன்னால், இது ஞாபகம் இருக்கட்டும்.

கிலோ கணக்கு

"ஒரே நாளில் 8 கிலோ" வகை விளம்பரத்துக்கு வருவோம். ஒரு லிட்டர் கொழுப்பின் எடை சுமார் 0.9 கிலோ. பாட்டிலில் வருவது முழுக்கக் கொழுப்பு இல்லை, உள்ளே செலுத்திய திரவமும் சேர்ந்துதான் வரும். மொத்தம் 5 லிட்டர் தாண்டினால் அது பெரிய அளவு லிபோசக்‌ஷன், மருத்துவமனையில் வைத்துச் செய்து ராத்திரி முழுக்கக் கண்காணிக்க வேண்டும் என்பது அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கம் உட்படப் பலர் வைத்திருக்கும் கோடு. அந்த 5 லிட்டரில் மூன்றரை லிட்டர் கொழுப்பு என்று வைத்துக்கொண்டால்கூட மூணு கிலோ சொச்சம்தான் வருது. நீர் கோத்துக்கொள்வதால் முதல் சில நாள் எடை மெஷின் ஏறிக்கூடக் காட்டலாம்.

சரி, நிறையவே எடுத்தால்? அதையும் பார்த்திருக்கிறார்கள். 2004-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஆய்வு இது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில், உடல் பருமன் உள்ள 15 பெண்களுக்கு லிபோசக்‌ஷனில் சராசரியாக 9 கிலோவுக்கும் மேல் கொழுப்பை எடுத்தார்கள். அவர்களில் 7 பேருக்குச் சர்க்கரை நோய். 10-12 வாரம் கழித்துச் சோதித்தால், இன்சுலின் வேலை செய்யும் விதம், ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எதிலும் சொல்லும்படி மாற்றமில்லை. உணவையும் உடற்பயிற்சியையும் வைத்து இதைவிடக் குறைவாக இளைத்தாலே இந்த அளவுகள் நகரும். டெஸ்க்டாப்பில் இருக்கிற ஐகான்களை அழிச்சிட்டு, சிஸ்டம் ஏன் இன்னும் ஸ்லோன்னு கேட்கிற மாதிரி. தோலடிக் கொழுப்பு போச்சு, கல்லீரலைச் சுற்றி இருந்தது அப்படியே இருக்கு.

அடுத்து எல்லாரும் கேட்கிற கேள்வி: திரும்ப வருமா? இதற்கு அழகான ஒரு ஆராய்ச்சி இருக்கு. பனிப்போர்க் காலத்து அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 கூடியது. அது சாப்பாடு வழியாக எல்லார் உடம்பிலும் சேர்ந்தது. அதை ஒரு டைம்ஸ்டாம்ப் மாதிரி வைத்து, ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்து விஞ்ஞானிகள் கொழுப்பு செல்களின் வயதைக் கணக்கிட்டார்கள். 2008-ல் நேச்சர் இதழில் வந்தது. வளர்ந்த மனிதரிடம் கொழுப்பு செல்களின் எண்ணிக்கை பெரும்பாலும் மாறுவதில்லை. வருஷத்துக்கு சுமார் 10 சதவீதம் செத்து, அதே அளவு புதுசா வருது. எடை கூடினால் பெரும்பாலும் இருக்கிற செல்களே பெருக்கின்றன.

உறிஞ்சி எடுத்த செல்கள் அந்த இடத்தில் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை என்பது சரிதான். ஆனால் கொழுப்பு வேற இடம் தேடிக்கொள்கிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் பருமன் இல்லாத 32 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு லிபோசக்‌ஷன் செய்து ஒரு வருஷம் கவனித்தார்கள். 2011-ல் வெளிவந்த முடிவு இது: ஆறு வாரத்தில் தெரிந்த வித்தியாசம், ஒரு வருஷத்தில் மொத்த உடல் கொழுப்புக் கணக்கில் காணாமல் போய்விட்டது. தொடை மெலிந்தே இருந்தது, ஆனால் வயிற்றுப் பக்கம் கூடியிருந்தது. பத்து பதினைந்து கிலோ ஏறும் முன் யோசிக்க வேண்டிய விஷயம் மட்டும் இல்லை இது, எடை மாறாதவருக்கும்தான்.

இன்னொன்று. தமிழ்ச் செய்திகளில் ரெண்டு விதமான ஆபரேஷனையும் "கொழுப்பு நீக்க அறுவை சிகிச்சை", "உடல் எடைக் குறைப்பு சிகிச்சை"ன்னு மாத்தி மாத்தி எழுதுறாங்க. இரைப்பையைச் சுருக்குவது அல்லது குடலின் பாதையை மாற்றுவது பேரியாட்ரிக் சர்ஜரி. பசி, ஹார்மோன், சர்க்கரை எல்லாவற்றையும் அது தொடுகிறது. உடல் பருமன் என்ற நோய்க்கான சிகிச்சை. லிபோசக்‌ஷன் உருவத்தைச் செதுக்குவது. இன்சூரன்ஸ்காரர்களுக்கு இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதிகளில் பேரியாட்ரிக்குக்கு, பி.எம்.ஐ. 40 அல்லது கடுமையான இணைநோய்களோடு 35 இருந்தால், டாக்டர் பரிந்துரையோடு வழி இருக்கு. அழகுக்கான ஆபரேஷனுக்கு விலக்கு, பணம் வராது. ஜி.எஸ்.டி.யும் அப்படித்தான், மற்ற சிகிச்சைக்கு வரி விலக்கு இருக்க, அழகுக்கான சர்ஜரிக்கு 18 சதவீதம் போடுவாங்க. விபத்து, பிறவிக் குறைபாடு போன்றவற்றைச் சரிசெய்யும் சர்ஜரி அதில் சேராது. கிளினிக் சொல்லும் தொகையில் இந்த வரியும், மயக்க மருந்து டாக்டர் கட்டணமும், இறுக்க உடையும் சேர்ந்திருக்கான்னு கேட்டுட்டு அப்புறம் இ.எம்.ஐ. கணக்குப் போடுங்க.

அப்போ யாருக்குத்தான் இது?

நிறையப் பேருக்குப் பயன்படுது, அதையும் சொல்லணும். எடை ஏறக்குறைய சரியாக இருந்து, கொஞ்ச நாளாக மாறாமலும் இருந்து, தொடையிலோ கையிலோ இடுப்பிலோ ஒரு இடம் மட்டும் என்ன பண்ணியும் அசையாதவர்கள். தோல் சுருங்கிப் பொருந்தும் அளவுக்கு உறுதியாக இருப்பவர்கள். நிறைய எடை இறங்கியவர்களுக்கும் பிரசவத்துக்குப் பிந்தைய வயிற்றுக்கும் தோல் தளர்ந்திருந்தால், கொழுப்பை எடுத்ததும் காற்றுப் போன பலூன் மாதிரி தொங்கும். அங்கே பிரச்சனை கொழுப்பில் இல்லை. லிபெடீமா என்று ஒரு நோய் இருக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, கால்களில் வலியோடு கொழுப்பு சேரும், டயட்டால் குறையாது. அதில் லிபோசக்‌ஷன் உண்மையிலேயே சிகிச்சை.

அழகுக்காக ஆபரேஷனான்னு நக்கல் பண்றவங்க கட்சியில் நான் இல்லை. பல்லுக்குக் கம்பி கட்டினால் யாரும் கேள்வி கேட்பதில்லை. கண்ணாடியைக் கழட்ட லேசிக் பண்ணினால் ட்ரீட் கேட்கிறோம். தன் உடம்பின் ஒரு இடம் ஒருத்தருக்குப் பத்து வருஷமா உறுத்தினா, அதை மாற்ற நினைப்பதில் தப்பு என்ன? என் சந்தேகமெல்லாம் தேதியோடு வருகிற ஆசை மேல்தான். கல்யாணம், போட்டோஷூட், ரீயூனியன் என்று நாள் குறித்துவிட்டு ஆபரேஷனைப் பின்னோக்கி பிளான் பண்ணுவது. வீக்கம் வடிய வாரக்கணக்கு, உருவம் நிலைக்கு வர மூணு முதல் ஆறு மாசம். அதுவரை சில இடம் மேடு, சில இடம் பள்ளம், சில இடம் மரத்துப்போய் இருக்கும். கல்யாண மேடையில் பட்டு வேட்டிக்குள் இறுக்க உடையோடு நிற்கணுமான்னு யோசிங்க. அதைச் சென்னை வெயிலில் வாரக்கணக்கில் போட்டவர்கள், ஆபரேஷனை விட அதைத்தான் அதிகம் திட்டுறாங்க.

ஆம்பிளைப் பசங்க கூச்சப்பட்டுக் கேட்கிற ஒரு விஷயம்: மார்பு. டீ-ஷர்ட்டைத் தளர்வாகப் போட்டு, நீச்சல் குளம் பக்கமே போகாத எத்தனையோ பேர் இருக்காங்க. இதிலும் ரெண்டு வகை. வெறும் கொழுப்புன்னா உறிஞ்சினாலே போதும். காம்புக்குப் பின்னால் கெட்டியான சுரப்பித் திசு இருந்தால் அது கைனகோமாஸ்டியா. அதைக் குழாய் சரியாக உறிஞ்சாது, காம்பின் ஓரத்தில் சின்னதாகக் கீறி வெட்டி எடுக்கணும். எடுக்காமல் விட்டால் பணம் செலவழித்தும் அதே வடிவம் தெரியும். பருவ வயதில் வருவது பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் தானாகவே மறையும். வளர்ந்த பிறகு புதுசா வந்தால், ஸ்டீராய்டு ஊசி உட்பட எடுத்துக்கொள்கிற மருந்துகளையும், ஹார்மோனையும், விதைப்பையையும் முதலில் சோதிக்கணும். ஜிம்மில் யாரோ கொடுத்த ஊசியைப் பற்றி டாக்டரிடம் மறைக்காதீங்க.

கத்தியே வேண்டாம், குளிர வைத்துக் கரைக்கலாம் என்று கூல்ஸ்கல்ப்டிங் விளம்பரமும் வரும். சின்ன இடங்களுக்கு ஓரளவு வேலை செய்யும். அபூர்வமாகக் கொழுப்பு கரைவதற்குப் பதிலாக அதே இடத்தில் கெட்டியாக வளர்ந்துவிடும். சூப்பர்மாடல் லிண்டா இவாஞ்சலிஸ்டா 2021-ல் தனக்கு அப்படி ஆனதாக வெளியே சொன்னார்.

யாரிடம் போவது?

கிளினிக் பெயரைப் பார்க்காதீங்க, கையை வைக்கப் போகும் ஆளின் பெயரைக் கேளுங்க. பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான தேசிய வாரியத் தகுதி இருக்கா? தோல் மருத்துவர்களும் ட்யூமசென்ட் லிபோசக்‌ஷன் செய்கிறார்கள், அவர்களுடைய இந்தியச் சங்கம் 2008-லேயே இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கு. அப்படியென்றால் இதற்கெனத் தனிப் பயிற்சி எங்கே எடுத்தார் என்று கேட்கலாம். பெயரும் பதிவு எண்ணும் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் வருதான்னு தட்டிப் பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை. ஒரு ஸ்டார்ட்அப்பில் சேரும் முன் ஃபவுண்டரின் லிங்க்ட்இன்னை நோண்டுகிற நாம, வயிற்றில் குழாய் விடுகிறவரைத் தேடிப் பார்க்கத் தயங்குவது எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

மயக்க மருந்து டாக்டர் ஆபரேஷன் முடியும் வரை அதே அறையில் இருப்பாரா, ஏதாவது ஆனால் எந்த ஐ.சி.யு.வுக்குக் கூட்டிப் போவீங்க, அது எத்தனை நிமிஷத் தூரம், எத்தனை லிட்டரில் நிறுத்துவீங்க. இதைக் கேட்டால் நல்ல சர்ஜன் சந்தோஷப்படுவார். "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம் சார், இன்னைக்கு புக் பண்ணினா டிஸ்கவுண்ட்"னு கவுன்சலர் பேசினால், எழுந்து வந்து ஒரு காபி குடிங்க. நீங்க புகை பிடிக்கிறீங்களா, கருத்தடை மாத்திரை எடுக்கிறீங்களா, வீட்டில் யாருக்காவது ரத்தக்கட்டி வந்திருக்கா என்று அவரும் உங்களைக் கேட்கணும். கேட்கவே இல்லைன்னா அதுவும் ஒரு தகவல்தான்.

ஆபரேஷன் முடிந்தவர்களுக்குக் கடைசியாக. முதல் ரெண்டு மூணு நாள் துளைகள் வழியாக இளஞ்சிவப்பு நீர் வடியும், பழைய பெட்ஷீட் போட்டுக்கங்க. வலியும் நீலம் பாய்வதும் எதிர்பார்க்க வேண்டியதுதான். அன்றைக்கே எழுந்து கொஞ்சம் கொஞ்சமாக நடக்கச் சொல்வார்கள், ரத்தம் உறையாமல் இருக்க. ஆனால் மூச்சு வாங்குதா, நெஞ்சு வலிக்குதா, ஒரு காலில் மட்டும் கெண்டைச் சதை வீங்கி வலிக்குதா, குழப்பமாகப் பேசுறாங்களா, காதில் இரைச்சலும் வாயைச் சுற்றி மரத்துப்போவதுமாக இருக்கா, வயிற்று வலி குறையாமல் ஏறிக்கொண்டே போகுதா, காய்ச்சலோடு தோல் நிறம் மாறுதா – இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க. கிளினிக் போனை எடுக்கலைன்னா 108-ஐக் கூப்பிட்டு, பக்கத்தில் ஐ.சி.யு. உள்ள மருத்துவமனைக்குப் போய், லிபோசக்‌ஷன் நடந்தது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்க.

அடுத்த எபிசோடில் நீங்கள் நிறையப் பேர் கேட்ட மௌன்ஜாரோ ஊசி. கேள்விகளை வாய்ஸ் நோட்டாகவே அனுப்புங்க, பெயர் சொல்ல மாட்டோம்.